கழிவாயை அடைத்த வள்ளம்

குருவுக்கு முப்பத்தொன்பது வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. வயது இடிக்கிறதே என்று யாரும் குறுக்கே வர வேண்டாம். அந்தக் கரையில் அப்படித்தான் நடந்தது.

குருவின் பெயர் நம்புத்தாய். கடலில் முங்கிப் பாசி எடுப்பது அவள் பிழைப்பு. புயல் அடித்து ஓய்ந்தால் மட்டும் பாசிச் சாக்கை ஆணியில் மாட்டிவிட்டு, ஓடைகளில் மூழ்கிக் கிடக்கும் படகுகளை எடுக்கக் கிளம்பிவிடுவாள். தன்னை யாராவது குரு என்று சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆரம்பித்தால் லேசில் நிறுத்தவும் மாட்டாள்.

சீடரின் பெயர் பூமிநாதன். சிப்பிவலசையில் ஒரு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். எஞ்சின் வைத்த பெரிய மரப்படகு. அந்த வள்ளம் இப்போது கழிவாயில், தண்ணீருக்குள் கிடந்தது.

அது அங்கே எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து ஊருக்குள் நுழையும் உப்புநீர் ஓடையைத்தான் அங்கே கழி என்பார்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லாப் படகுகளையும் அதற்குள் கொண்டுபோய்க் கட்டுவார்கள். கழியின் வாய் குறுகல். ஒரு நேரத்தில் ஒரு படகுதான் நுழையலாம். முதலில் வருகிறவர் கடைசிவரை உள்ளே போய்விட வேண்டும், வாயில் யாரும் கட்டக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. பூமிநாதன் வேண்டுமென்றே கடைசியாக வந்தார். வாயிலேயே நங்கூரம் போட்டார். புயலுக்கு மறுநாள் மீன் கொழிக்கும், முதல் ஆளாய் வெளியே போய்விடலாம் என்று ஆசை.

புயலில் வள்ளம் நின்ற இடத்திலேயே குறுக்காகத் திரும்பி முங்கிவிட்டது. உள்ளே முப்பத்திரண்டு படகுகள். ஒன்றுக்குக்கூடக் கீறல் இல்லை. ஒன்றுகூட வெளியே போகவும் முடியாது.

மண் அள்ளும் இயந்திரத்தை வரவழைத்து உடைத்து எடுக்கலாம் என்றார்கள். ஊருக்கு வரும் ஆற்றுப் பாலத்தைப் புயல் கொண்டுபோயிருந்தது. இயந்திரம் வர இருபது நாள் ஆகும் என்று பதில் வந்தது. முப்பத்திரண்டு வீட்டிலும் அதுவரை கடலுக்குப் போக்கு இல்லை.

ஊர் கூடித் திட்டும் என்று பூமிநாதன் காத்திருந்தார். யாரும் திட்டவில்லை. யாரும் பேசவே இல்லை. டீக்கடையில் கேட்காமலே டீ வந்தது. காலி கிளாஸ் கேட்காமலே போனது. எதிரே வந்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். வீட்டில் மனைவி பாக்கியம் “சோறு இருக்கு” என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதையும் பானையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மூன்றாம் நாள் தாங்க முடியவில்லை. கரையோரமாகவே நடந்து நம்புத்தாயின் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தார்.

“தாயி, என்னைச் சீடனா ஏத்துக்கணும்.”

நம்புத்தாய் சிரித்தாள். அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வேர்வை துடைத்து முடிக்கும்வரை சிரித்தாள்.

“படகு எடுக்கணும்னா சொல்லுங்கண்ணே, வாரேன். சீடன் கீடன்லாம் எதுக்கு?”

“நான் கத்துக்கிட்டு நானே எடுக்கணும் தாயி. தப்பு என்னோடது. ஊர்க்காரங்க ஒருத்தர் கையும் படக் கூடாது.”

“எடுத்துட்டா?”

“எடுத்துட்டா ஊரு எங்கூடப் பேசும்ல?”

“அது எனக்குத் தெரியாது. படகு எடுக்கத்தான் தெரியும்.” அவள் விரல் மடக்கிப் பார்த்தாள். “பௌர்ணமிக்கு இன்னும் மூணு நாளு கெடக்கு. அன்னைக்கு மத்தியானம் ஓதம் நல்லா ஏறும், கழியில தண்ணி கூடும். அதை விட்டா அமாவாசைதான்.”

அன்றே இருவரும் கழிவாய்க்கு வந்தார்கள். வள்ளத்தின் விளிம்பு தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கிடந்தது. நம்புத்தாய் சுற்றி நீந்திப் பார்த்தாள். கரைக்கு வந்து ஒரு வாளியை எடுத்து நீட்டினாள்.

“இறைங்க.”

பூமிநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வள்ளத்துக்குள் இறங்கி நின்று இறைக்க ஆரம்பித்தார். முகந்தார், விளிம்புக்கு வெளியே ஊற்றினார். முகந்தார், ஊற்றினார். நம்புத்தாய் கரையில் உட்கார்ந்து கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு வந்தது. அவருடைய தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

“தாயி, தண்ணி குறையலியே.”

“எதுல?”

“படகுலதான்.”

“கடல்ல குறைஞ்சிருக்கான்னு பாருங்க.”

பூமிநாதன் கடலைப் பார்த்தார். விளிம்பைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடந்த மனிதர் அவர். விளிம்பு மேலே வராத படகை இறைக்க முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“நீங்கதானே தாயி இறைக்கச் சொன்னீங்க?”

“நீங்கதானே தனியாச் செய்யணும்னீங்க. இதுல தனியாச் செய்யக்கூடிய வேலை இது ஒண்ணுதாண்ணே.”

அவர் அதை ஏற்கவில்லை. ரோஷக்காரர். மறுநாள் காலையில் நம்புத்தாய் வருவதற்கு முன்பே, பாலத்துக்கு இந்தப் பக்கத்து ஊரிலிருந்து மச்சானின் டிராக்டரைக் கடற்கரை மணல் வழியாகவே கொண்டுவந்துவிட்டார். கம்பிக் கயிற்றை வள்ளத்தின் முன்வளையத்தில் மாட்டினார். டிராக்டர் உறுமியது, சக்கரம் மணலில் குழி பறித்தது, கயிறு விறைத்தது. படார் என்று ஒரு சத்தம். வளையமும் அதைப் பிடித்திருந்த பலகையும் பிய்த்துக்கொண்டு கரைக்கு வந்து விழுந்தன.

தூரத்தில் உட்கார்ந்து வலை சீர்பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். பார்த்தார்கள். குனிந்துகொண்டார்கள். யாரும் சிரிக்கக்கூட இல்லை.

நம்புத்தாய் வந்து பலகையைத் தூக்கிப் பார்த்தாள்.

“படகு வரல. மூக்கு மட்டும் வந்துருக்கு.”

“கிண்டல் பண்ணாதீங்க தாயி.”

“சேறு பிடிச்சிருக்குண்ணே. ஒரே பக்கமா இழுக்க இழுக்க இறுக்கிப் பிடிக்கும். அதுக்கும் கொஞ்சம் ரோஷம் உண்டு.”

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதை மறைக்கவும் இல்லை.

“நாளன்னைக்கு ஓதம். நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. இனி அப்படியே செய்யிறேன்.”

“கேன் வேணும். காலிக் கேன், பெருசு. அறுபதாவது வேணும்.”

“டவுனுக்குப் போயி வாங்கியாரேன்.”

“பாலம் இல்ல. ஊர்ல கேளுங்க.”

ஊரில் போய்க் கேன் கேட்பது லேசில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும். அந்தக் கரையில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிதண்ணீர் லாரியில்தான் வரும். பாலம் போனதிலிருந்து லாரி ஆற்றுக்கு அக்கரையிலேயே நின்றுவிட, ஒவ்வொரு வீட்டிலும் நீலக் கேன்களைச் சைக்கிளில் கட்டிப் போய், ஆற்றைக் கடந்து சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு கேனைக் கேட்பது ஒரு நாள் தண்ணீரைக் கேட்பது. அதை இவர் போய்க் கேட்க வேண்டும்.

“என்னன்னு கேக்குறது தாயி? முதல்ல காலுல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு…”

“மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. கேன் மட்டும் கேளுங்க.”

“அது முறையா?”

“மன்னிப்புக் கேட்டா அவுங்க பதில் சொல்லணும். பாவம், என்ன சொல்லுவாங்க? கேன் கேட்டா எடுத்துக் குடுத்தாப் போதும்.”

அடுத்த நாள் முழுக்க அவர் வீடு வீடாக நடந்தார். வாசலில் நின்று, “ரெண்டு கேன் வேணும்” என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. முதல் வீட்டில் இரண்டு கேன்கள் மணலில் வந்து விழுந்தன; கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டில் கேன் நிறையத் தண்ணீர் இருந்தது. அந்த வீட்டுப் பெண் அதை வீட்டிலிருந்த பானை, குண்டான், தூக்குவாளி எல்லாவற்றிலும் ஊற்றினாள். கடைசியில் ஒரு செம்பு மிச்சம் நின்றது. அதை வெயிலில் நின்ற அவர் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் உள்ளே போனாள். பூமிநாதன் ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்துவிட்டுச் செம்பை வாசலில் வைத்தார்.

முத்துராக்கு வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. முத்துராக்குவின் படகு, இவர் வள்ளத்துக்கு நேர் பின்னால் அடைபட்டிருந்தது. முப்பது வருஷச் சிநேகிதர். சேர்ந்து கடலுக்குப் போனவர்கள். முத்துராக்கு ஒரே ஒரு கேனைக் கொண்டுவந்து வைத்தார். அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

பூமிநாதன் அதையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

“இதைப் பாருங்க தாயி. வேணும்னே ஓட்டைக் கேனைக் குடுத்திருக்கான்.”

“இதைத் தேடி எடுத்திருப்பாரேண்ணே. எவ்வளவு நேரம் ஆயிருக்கும்.” அவள் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். “கோவமா இருக்காரு. நல்லது. அடைச்சு எடுத்துவைங்க.”

அவர் எம்சீல் பசை வாங்கிவந்து ஓட்டையை அடைத்தார். மொத்தம் அறுபத்தொரு கேன் சேர்ந்திருந்தது.

பௌர்ணமியன்று காலையில் நீர் வற்றியிருந்தது, ஆனாலும் வள்ளத்தின் விளிம்பு மேலே தெரியவில்லை. வள்ளத்துக்குள் கிடந்த வலை, நங்கூரம், ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் நம்புத்தாய் முந்தைய நாளே முங்கி முங்கி வெளியே எடுத்துவிட்டிருந்தாள். இப்போது படகுக்கு அடியில் கயிறு கொடுக்க வேண்டும். ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை அவள் பிடித்தாள். ரம்பம் அறுப்பதுபோல் இழுத்து இழுத்துச் சேற்றுக்குள் கயிற்றை இறக்கி, அடிக்கட்டைக்குக் கீழே கொண்டுபோனார்கள். இப்படி ஆறு கயிறு. அந்தக் கயிறுகளில் இரண்டு பக்கமும் கேன்களை இறுக்கிக் கட்டினார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. நீரும் ஏற ஆரம்பித்தது.

கரையில் ஊர் வந்து உட்கார்ந்திருந்தது. ஆணும் பெண்ணுமாக அத்தனை பேரும். பேச்சு மூச்சு இல்லை.

நீர் ஏறியது. கேன்கள் மேலே வரப் பார்த்தன. கயிறுகள் கிரீச்சிட்டன. வள்ளம் அசையவில்லை.

“சேறு விடமாட்டேங்குது” என்றாள் நம்புத்தாய். “இங்கிட்டு ஒரு தரம், அங்கிட்டு ஒரு தரம் மாத்தி மாத்தி அசைக்கணும். பக்கத்துக்குப் பதினைஞ்சு ஆளாவது வேணும்.”

“நம்ம ரெண்டு பேருதானே இருக்கோம்.”

“கரையில இருக்கிறது யாரு?”

அவர் கரையைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்: “கூப்பிட்டு, வரலைன்னா?”

“வரலைன்னா வரல. ஓதம் இன்னும் அரை மணி நேரந்தான் நிக்கும்.”

யார் பெயரைச் சொல்லி அழைப்பது? எந்த முகத்தோடு அழைப்பது? கயிற்றைத் தோளில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு அம்பாவை எடுத்தார். கயிறு இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் முடிக்கும் பாட்டு அது.

“ஏலேலோ…”

ஐந்தாறு நாளாக ஊரோடு வாய்விட்டுப் பேசாத தொண்டை. பாதியில் கம்மிவிட்டது. அந்தக் கரையில் பாதி அம்பா அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பார்கள். காதில் விழுந்தவர் முடித்துவைக்க வேண்டும். ஆனாலும் யாரும் முடிக்கவில்லை. அவர் மறுபடியும் எடுத்தார்.

“ஏலேலோ…”

இந்த முறை குரல் ஆட்டுக்குட்டி கத்துவது போல் உடைந்தது.

கரையில் முத்துராக்கு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். விறுவிறுவென்று தண்ணீரில் இறங்கி வந்தார். பூமிநாதனின் தோளிலிருந்த கயிற்றைப் பிடுங்கினார்.

“இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு அம்பா பாடுனா ஓதம் பயந்து எறங்கிரும். தள்ளிப் போடா அங்கிட்டு.”

புயலுக்குப் பிறகு ஊர் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். பூமிநாதன் தள்ளிப் போனார்.

முத்துராக்கு எடுத்துக்கொடுத்தார், “ஏலேலோ.”

“ஐலசா” என்று கரை முழுவதும் எழுந்து வந்தது.

இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர். ஒரு தரம் இவர்கள் இழுக்க, ஒரு தரம் அவர்கள். வள்ளம் ஒரு விரல் அசைந்தது. இரண்டு விரல் அசைந்தது. பிறகு சேறு, விருந்து சாப்பிட்டவர் ஏப்பம் விட்டது போல் ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பிடியை விட்டது. அறுபத்தொரு கேன்களும் குதித்துக்கொண்டு மேலே வந்தன. அவற்றின் நடுவே சேறும் பாசியுமாக வள்ளத்தின் விளிம்பு வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். நம்புத்தாய் தண்ணீரில் மல்லாந்து மிதந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஓதம் இறங்குவதற்குள் வள்ளத்தை ஓரத்துத் திட்டுக்கு இழுத்துவிட்டார்கள். கழிவாய் திறந்துவிட்டது. முப்பத்திரண்டு படகுகளும் வரிசையாகக் கடலுக்குப் போயின. முத்துராக்குவின் படகு முதலில் போனது. நீர் வற்றியதும் பூமிநாதன் வாளியை எடுத்துக்கொண்டு வள்ளத்துக்குள் இறங்கினார். இப்போது இறைக்க இறைக்கத் தண்ணீர் குறைந்தது. கூட நாலு பேர் இறைத்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். சீடர் விடவில்லை. பத்து நாள் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நம்புத்தாயின் குடிசைக்கு வந்தார். அவள் மணலில் பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாங்கண்ணே. வள்ளம் எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன, புதுப் பலகை போட்டாச்சு. நேத்துக் கடலுக்கும் போய்ட்டு வந்தேன். கழிக்குள்ள ஆகக் கடைசியிலதான் கட்டுறேன்.”

“பெறகென்ன?”

“மனசு ஆற மாட்டேங்குது தாயி. வழியை விட்டாச்சு, படகையும் எடுத்தாச்சு. ஆனா எங்க போனாலும் குத்திக்காட்டுறாங்க.”

“யாரு?”

“யாரைச் சொல்ல? டீக்கடைக்குள்ள நுழைஞ்சா, வாசல்ல நிக்காதப்பா, உள்ள முப்பத்திரெண்டு பேரு இருக்கோம்ங்கிறாங்க.”

நம்புத்தாயின் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

“அப்புறம்?”

“கோயில்ல பொங்கல் வாங்க வரிசையில நின்னேன். இவரை முதல்ல விடுங்கடா, இல்லைன்னா குறுக்கப் படுத்துருவாருங்கிறான் பூசாரி.”

“ம்.”

“வீட்டுல பாக்கியமும் சேந்துக்கிட்டா. அடுப்படி நிலையில கொஞ்சம் நின்னுட்டேன். நங்கூரத்தை எடுக்கிறீங்களா, கொழம்பு எறக்கணும்ங்கிறா.”

இதற்கு மேல் அவளால் முடியவில்லை. பாசிக் குவியல் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். பூமிநாதன் பொறுமையாகக் காத்திருந்தார். குருவிடம் அதையாவது கற்றிருந்தார்.

“முத்துராக்கு அண்ணன்?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அவன்தான் மோசம். தினம் காலையில வீட்டு வாசல்ல வந்து நின்னு, முதலாளி, நாங்க இப்பக் கடலுக்குப் போலாமான்னு கேட்டுட்டுத்தான் போறான். தினமும் தாயி. ஒரு நாள் தவறல.”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

“போய்த் தொலைடான்னு சொல்லுவேன். அவன் சிரிச்சுக்கிட்டே போவான்.” பூமிநாதன் மணலைக் கையில் அள்ளிக் கீழே விட்டார். “நான் செஞ்சது தப்புதான். இல்லைங்கல. ஆனா இவங்க இதை எப்பத்தான் விடுவாங்க? இந்தப் பேச்சு என்னைக்கு நிக்கும்?”

நம்புத்தாய் பாசியைக் கிளறிவிட்டாள். ஒரு பக்கம் காய்ந்ததைத் திருப்பிப் போட்டாள்.

“வள்ளம் தண்ணிக்குள்ள கெடந்த அன்னைக்கு இப்படி யாராச்சும் சொன்னாங்களாண்ணே?”

“அப்பத்தான் ஒருத்தரும் வாயே தெறக்கலியே.”

அவள் அடுத்த குவியலைக் கிளறப் போனாள். அவர் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நாலு எட்டு வைத்தவரை நம்புத்தாய் கூப்பிட்டாள்.

“அண்ணே, காலையில முத்துராக்கு அண்ணன் வந்து கேக்காமப் போனாருன்னா, அன்னைக்கு ஓடியாங்க.”